மருமக்களுக்கு ஒரு பரிசு

ஆசிரியத் தொழில் பார்ப்பவனிடம் உறவினர்கள் எதிர்பார்க்கும் காரியங்கள் பல. விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கிராம அலுவலருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வாழ்த்துமடலும் மரணத்துக்குக் கண்ணீர் அஞ்சலியும் இயற்றித் தர வேண்டும். தமிழைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவன் என்றால் இந்தக் கடமைகளிலிருந்து அவனுக்கு விடுதலையே இல்லை. அண்மைக் காலத்தில் இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "பிள்ளைகள் பார்க்கக்கூடிய யப்பான் காட்டூன் எது, பார்க்கக்கூடாதது எது என்று எங்களுக்குத் தெரியாது தம்பி. நீ படித்தவன், பார்த்து வாங்கிக் கொண்டு வா" என்கிறாள் என் அக்கா.

அக்கா பேசாலையில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் கடற்றொழிலாளி. அவர்களுக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவனுக்குப் பதினைந்து வயது. நடுவிலாள் பத்து வயதுச் சிறுமி. கடைக்குட்டிக்கு ஆறு வயது. ஓகஸ்ட் மாதத்தில் மடுத் திருவிழாவுக்கு அவர்கள் புகையிரதத்தில் வந்து இறங்குவார்கள். போரினால் கால் நூற்றாண்டு காலம் முடங்கிக் கிடந்த அந்தப் பாதை, 2013 ஆம் ஆண்டில் மடு வீதி வரையிலும் 2015 ஆம் ஆண்டில் தலைமன்னார் வரையிலும் மீண்டும் திறக்கப்பட்டது. மடு வீதியை அண்டிய என் சிறிய வீட்டில் நாலைந்து நாள் தங்கிவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் மாமன் மருமக்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பது வழக்கம். முன்பெல்லாம் திருவிழாக் கடைகளில் ஒரு பந்து, ஒரு பொம்மை, இரண்டு சோடிக் காப்பு என்று காரியம் முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் கேட்பது அனிமே.

அனிமே என்பது யப்பானியரின் அசைவுச் சித்திரக் கதை. ஒசாமு தெசூக்காவின் அஸ்ட்ரோ போய் 1963 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியதிலிருந்து அது ஒரு பெருந் தொழிலாக வளர்ந்து, இன்று உலகெங்கும் இளம் உள்ளங்களை ஆண்டு கொண்டிருக்கிறது. என் மாணவரின் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்த எடுத்தால், பின்பக்கங்களில் நருட்டோவின் நெற்றிப் பட்டியையும் வாளேந்திய வீரர்களையும் காண்கிறேன். நன்றாகவே வரைகிறார்கள். கபிலரின் நண்பன் யார் என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பவன், நருட்டோவின் குரு யார், அந்தக் குருவின் குரு யார் என்று மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறான்.

இதைக் கண்டு நான் எரிச்சல் கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் வளர்ந்த சிந்தனை மரபு அப்படிப்பட்டது. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954 இல் தோன்றிய காலந்தொட்டு, வெளியிலிருந்து வந்து குவியும் வர்த்தக எழுத்தை நச்சு என்று இனங்கண்டு எதிர்த்த பரம்பரை நாம். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் அவர்கள் எதிர்த்ததோடு நிற்கவில்லை; ஈழத்து மண்ணின் வாழ்வைத் தாமே எழுதவும் செய்தார்கள். நானோ எதிர்ப்பை மாத்திரம் பரம்பரைச் சொத்தாகப் பெற்றுக் கொண்டவன். எதிர்க்கின்ற பொருளை ஒரு முறை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

சென்ற ஆண்டு அக்காவின் வேண்டுகோள் வந்தபோது, மன்னார் நகரில் ஒரு கடைக்குப் போனேன். பென்டிரைவைக் கொடுத்தால் படங்களைப் பதிந்து தருவார்கள். அது முறையான வியாபாரமன்று என்பது எனக்குத் தெரியும். முறையான வழி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த அளவுக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பின்னர் சொல்கிறேன். "சின்னப் பிள்ளைகளுக்கு" என்று கேட்டேன். கடைக்காரப் பையன் ஒரு கோப்பைத் திறந்து காட்டினான். டோரேமான் பூனையும், மனிதரைப் பிய்த்துத் தின்னும் இராட்சதர் கதையான அற்றாக் ஒன் டைட்டனும் அதில் அருகருகே கிடந்தன. காட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு என்பதே அவனுடைய கணக்கு. அவனைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. என் கணக்கும் அதைவிட நுட்பமானதன்று. சமுதாய நோக்குள்ள படம் என்றால் பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் கணக்கு. யுத்தத்தை எதிர்க்கும் படம் என்று ஒரு கட்டுரையில் வாசித்திருந்த 'மின்மினிகளின் கல்லறை' என்னும் படத்தைக் கேட்டுப் பதிந்துகொண்டேன். அதை நான் பார்த்திருக்கவில்லை.

அன்றிரவு திருவிழாத் திருப்பலி முடிந்து வந்து, சாப்பாட்டுக்கு முன் மடிக்கணினியைப் பாயில் வைத்துப் படத்தைப் போட்டேன். பிள்ளைகள் மூவரும் முன்னால் இருந்தார்கள். அக்காவோடு வாழும் என் அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டிக் கொண்டிருந்தா. பாஷை அவவுக்கு விளங்காது. படமும் அவவுக்குப் பொருட்டல்ல. பேரப்பிள்ளைகள் பார்ப்பதைப் பார்த்துக் கொண்டிருந்தா.

படம் ஒரு புகையிரத நிலையத்தில், ஒரு சிறுவன் பட்டினியால் இறப்பதில் தொடங்குகிறது. "மாமா, பெடியன் செத்திட்டானே, பிறகு என்னெண்டு கதை வரும்?" என்று கேட்டாள் நடுவிலாள். நல்ல கேள்வி, இலக்கிய வகுப்பில் ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி. நான் பெருமிதத்தோடு விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் கதை பின்னோக்கிப் போய்விட்டது. கோபே நகரின்மேல் விமானங்கள் வருகின்றன. அபாயச் சங்கு ஊதுகிறது. அந்தச் சிறுவன் தன் நாலு வயதுத் தங்கையை முதுகில் கட்டிக்கொண்டு நெருப்பினூடே ஓடுகிறான்.

"நிப்பாட்டு தம்பி" என்றா அம்மா.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவ எழுந்து வெளியே போய்விட்டா. முற்றத்துப் பாலை மரத்தைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றா. "அம்மம்மா காட்டூனுக்கு அழுறா" என்று மூத்தவன் சிரித்தான். நான் அவனை ஏசினேன். ஏசிய மறுகணமே, ஏச வேண்டிய ஆள் அவனல்ல என்பது எனக்கு உறைத்தது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். இந்தச் செய்தி அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

1999 ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது, அவளுக்கு நாலு. மன்னார்ப் பெருநிலத்தில் நெல்வயல் சூழ்ந்த எங்கள் கிராமத்தை விட்டுப் புறப்பட்டு, காட்டு வழியாக மடுவுக்கு நடந்து வந்தோம். அப்போது மடுத் திருத்தலம் ஆயிரக்கணக்கான அகதிகளின் தங்குமிடமாக இருந்தது. அப்பா அரிசி மூட்டையைத் தூக்கினார். அம்மாவும் அக்காவும் பாத்திரங்களையும் உடுப்புகளையும் சுமந்தார்கள். தங்கையைச் சுமக்கும் பொறுப்பு எனக்கு. தோளில் வைத்தும் முதுகில் உப்பு மூட்டையாகவும் மாறி மாறிச் சுமந்தேன். அவளுக்கு அது விளையாட்டு. ஐப்பசி மழையில் ஓலைக் கொட்டிலுக்குள் தண்ணீர் வந்தது. மலேரியாக் காய்ச்சல் கொட்டிலுக்குக் கொட்டில் பரவியது. அவளுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் விடியவில்லை.

அதற்கடுத்து நவம்பர் 20 ஆந் திகதி இரவு, மடு ஆலய வளவினுள் எறிகணைகள் விழுந்து, அங்கே தஞ்சம் புகுந்திருந்தவர்களுள் ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். அது உலகச் செய்தியானது. கொட்டிலில் காய்ச்சலால் செத்த பிள்ளைகள் எந்தச் செய்தியிலும் வரவில்லை. என் தங்கையின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவளுடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் விதிக்கவில்லை; அம்மா சொல்வதில்லை, ஆகையால் நாங்களும் சொல்வதில்லை.

பிள்ளைகள் ஊர் திரும்பிய பின்னர், ஒரு நாள் இரவு அந்தப் படத்தை நான் தனியே முழுமையாகப் பார்த்தேன். அதன் பின்னணியையும் தேடிப் படித்தேன். அது அக்கியுக்கி நொசாக்கா என்ற எழுத்தாளர் 1967 இல் எழுதிய சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. 1945 இல் போதிய உணவின்றி இறந்துபோன தன் சின்னஞ்சிறு தங்கையை நினைந்து அவர் எழுதிய கதை. கதையில் வரும் அண்ணனைப்போல் தான் அவ்வளவு அன்பாக நடந்துகொள்ளவில்லை என்று அவர் பிற்காலத்தில் மனம் விட்டுச் சொல்லியிருக்கிறார். படமாக்கிய இசாவோ தக்காஹத்தா, ஒன்பது வயதில் ஒக்காயாமா நகர விமானத் தாக்குதலில் தப்பிப் பிழைத்தவர். இவ்வளவும் தெரிந்த ஒருவன் அந்தப் படத்தை என் அம்மாவின் முன்னால் முன்னறிவிப்பின்றிப் போட்டிருக்க மாட்டான். நான் போட்டேன். தலைப்பை நம்பிப் போட்டேன். கொள்கையை நம்பிப் போட்டேன்.

இங்கேதான் வயதுப் பொருத்தம் என்ற பிரச்சினை எனக்கு முதன்முதலாக விளங்கத் தொடங்கியது. உலகில் இதற்கு அளவுகோல்கள் இல்லாமலில்லை. யப்பானில் திரைப்படங்களுக்கு எல்லோருக்கும், 12, 15, 18 என நான்கு படிகள் உண்டு. இந்தியாவில் 2024 இல் வந்த புதிய விதிகள், பெற்றோர் துணையோடு பார்க்கத்தக்க படங்களை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தன. இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் முத்திரை குத்துபவருக்குப் பிள்ளையின் வயது தெரியும், வீடு தெரியாது. மியாசாக்கியின் 'பொன்யோ' என்ற 2008 ஆம் ஆண்டுப் படம், கடற்கரையில் வாழும் ஐந்து வயதுச் சிறுவனும் மீன் உருவில் வரும் சிறுமியும் நட்புக்கொள்ளும் கதை. கடைக்குட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்றுதான் எவரும் சொல்வர். ஆனால் அதில் கடல் பொங்கி எழுந்து ஊரை மூடுகிறது. மன்னார்க் கரை 2004 திசெம்பர் 26 இல் பேரழிவிலிருந்து தப்பியது. முல்லைத்தீவுக் கரை தப்பவில்லை. அத்தானின் சொந்தத்தில் இருவர் அன்று முல்லைத்தீவில் போனார்கள். அந்த வீட்டில் அந்தப் படத்தைப் போடுமுன் அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதை எந்த முத்திரையும் எனக்குச் சொல்லித் தராது.

அதன்பின் நான் மாணவனானேன். விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் மூன்று மாத காலம் பார்த்தேன். கற்றுக்கொண்டவற்றைச் சக ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

முதலாவது: யப்பானியர் தம் சித்திரக் கதைகளைச் சிறுவர், சிறுமியர், வளர்ந்த ஆண்கள், வளர்ந்த பெண்கள் என்று வாசகரைக் கொண்டு வகுக்கிறார்கள். 'ஷோனென்' என்றால் சிறுவர் என்று பொருள். ஆனால் ஏறத்தாழப் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரையான பருவத்தையே அவர்கள் கருதுகிறார்கள். அந்தச் சொல்லை நம்பி ஆறு வயதுக் குழந்தைக்குக் கொடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது: நீண்ட தொடர்கள் பார்ப்பவனோடு சேர்ந்து வயதேறுகின்றன. நருட்டோ ஒரு குறும்புக்காரச் சிறுவனின் கதையாகத் தொடங்குகிறது. போரும் பழிக்குப் பழியுமாக முடிகிறது. முதற் பகுதியைப் பார்த்துவிட்டு முழுத் தொடருக்கும் நற்சான்று கொடுப்பது, முதலாம் அத்தியாயத்தை வாசித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதுவதை ஒக்கும். நடுவிலும் கடைசியிலும் சில பகுதிகளைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது: நீளம். நருட்டோ முதலில் 220 பகுதிகள்; அதன் தொடர்ச்சி 500 பகுதிகள். சாதாரணதரப் பரீட்சைக்கு ஓராண்டு இருக்கும் பிள்ளைக்கு அதைப் பரிசளிப்பவன், அவனுடைய ஓராண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான்.

நாலாவது: குழந்தைகளுக்கென்றே எடுக்கப்பட்டதிலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. டோரேமான் அன்பான கதை. பலவீனமான ஒரு சிறுவனுக்கு எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரப் பூனை துணை நிற்கிறது. 2008 இல் யப்பானிய அரசே அந்தப் பூனையைத் தன் பண்பாட்டுத் தூதுவராக்கியது. ஆயினும் அதிலே பள்ளிச் சிறுமி ஒருத்தி குளிக்கும்போது பையன் எட்டிப் பார்ப்பது சிரிப்புக்குரிய விஷயமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. இரத்தத்தைக் கண்டு பதறுகிற நாம் இதைக் கண்டு பதறுவதில்லை. எதை வன்மமாக எண்ணுகிறோம், எதைப் பகிடியாக எண்ணுகிறோம் என்பதிலேயே நம் சமுதாயத்தின் குணம் தெரிகிறது.

கடைக்குட்டிக்கு நான் தேர்ந்தது மியாசாக்கியின் 'என் அயலவன் டொடோரோ'. தாய் வைத்தியசாலையில் இருக்க, தகப்பனோடு கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் இரு சிறுமியர், பெரிய கற்பூர மரமொன்றின் அடியில் ஒரு வனதேவதையைக் காண்கிறார்கள். வில்லன் இல்லை, சண்டை இல்லை. கடைக்குட்டி அந்த மரத்தைப் பார்த்து, "பள்ளிமுனைப் பெருக்கமரம்" என்றான். மன்னார்த் தீவின் பெருக்கமரத்தைக் கண்டவர்கள் அந்த ஒப்புமையின் பொருத்தத்தை அறிவார்கள். அந்தப் படத்தைப் பற்றிய ஒரு செய்தி என்னைத் திகைக்கச் செய்தது. 1988 ஏப்பிரல் 16 இல் டொடோரோவும் மின்மினிகளின் கல்லறையும் ஒரே காட்சியில் இரண்டு படங்களாகத் திரையிடப்பட்டன. தாய் வருவாளென்று காத்திருக்கும் இரு குழந்தைகளின் கதையும், தாய் இனி வரவேமாட்டாள் என்ற இரு குழந்தைகளின் கதையும் ஒரே அனுமதிச்சீட்டில். எந்தப் பிள்ளைக்கு எது என்ற கேள்விக்கு அந்தக் கம்பனியும் விடை கண்டிருக்கவில்லைப்போலும்.

ஆனால் இந்தக் கேள்வியை அதிகாரத்தின் கையில் ஒப்படைத்துவிடலாமா? ஹிரோஷிமாவில் ஆறு வயதில் அணுகுண்டில் தப்பி, தகப்பனையும் தமக்கையையும் தம்பியையும் இழந்த கெய்ஜி நக்கசாவா, அந்த அனுபவத்தை 1973 முதல் 'வெறுங்கால் கென்' என்ற சித்திரக் கதையாக வரைந்தார். 1983 இல் அது அசைவுச் சித்திரமாகவும் வந்தது. 2012 திசெம்பரில் அவர் மறைந்தார். அதே மாதத்தில் மட்சுவே நகரக் கல்விச் சபை, பிள்ளைகளுக்குப் பொருந்தாத கொடுமைக் காட்சிகள் இருக்கின்றன என்று சொல்லி, அந்நூலைப் பாடசாலை நூலகங்களின் திறந்த தட்டுகளிலிருந்து அகற்றுமாறு பணித்தது. அந்தக் காட்சிகள் அமெரிக்கக் குண்டின் கொடுமைகளல்ல. ஆசிய நாடுகளில் யப்பானிய இராணுவம் இழைத்த கொடுமைகள். மக்கள் கண்டனம் எழுந்து, 2013 ஓகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2023 இல், ஹிரோஷிமா நகரமே தன் சமாதானக் கல்விப் பாடநூலிலிருந்து அக்கதைப் பகுதிகளை நீக்கியது. நோயுற்ற தாய்க்காகச் சிறுவன் மீன் திருடும் காட்சி இன்றைய பிள்ளைகளைக் குழப்பும் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

பசித்த தாய்க்காகத் திருடுவது குழப்பத்தை விளைவிக்குமாம்! பிள்ளையைக் காக்கும் பெயரால் வரலாற்றை மறைப்பவர்களும் வயதுப் பொருத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1999 ஐப்பற்றி எங்கள் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடநூல் எவ்வளவு சொல்கிறது என்பதை அந்தப் பாடத்தைப் படிப்பிக்கும் ஆசிரிய நண்பர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் என் வீட்டைச் சொல்கிறேன். என் வீட்டிலும் ஒரு கல்விச் சபை இருக்கிறது. அதன் தட்டிலிருந்தும் ஒரு பெயர் அகற்றப்பட்டிருந்தது. அகற்றியவள் அதிகாரியல்ல, தாய் என்பது பெரிய வித்தியாசம்; ஆனால் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரே மௌனந்தான்.

மூத்தவன் விஷயம் வேறு. அவன் கேட்டது 'டீமன் ஸ்லேயர்'. கொயோஹாரு கொட்டோகே 2016 முதல் 2020 வரை எழுதிய சித்திரக் கதை. 2019 இல் தொடராக வந்தது. பேய்களின் தலையை வாளால் வெட்டும் கதை என்று அறிந்தபோது முகத்தைச் சுளித்தேன். நத்தார் விடுமுறையில் பேசாலைக்குப் போனபோது அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். கரி சுட்டு விற்கும் ஏழைக் குடும்பத்தின் மூத்த மகன். ஒரு நாள் கரி விற்கப் போய் வருவதற்குள் வீட்டாரைப் பேய் கொன்றுவிடுகிறது. எஞ்சிய ஒரு தங்கையும் பேயாகிவிடுகிறாள். அவளைக் கொல்லாமல், மீண்டும் மனுஷியாக்குவேன் என்று மரப்பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு அவன் ஊரூராக அலைகிறான்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. "மாமா, என்ன?" என்றான் மூத்தவன். "ஒன்றுமில்லை, போடு" என்றேன். நான் நச்சு என்று எண்ணியிருந்த கதையில் என் தோளின் பாரம் இருந்தது. எனக்கு அதைக் காட்டித் தந்தவன் கொப்பியின் பின்பக்கத்தில் வாள் வரைகிற பையன்.

இதனால் அந்தத் தொடருக்கு நான் முழு நற்சான்று வழங்கிவிடவில்லை. தலை வெட்டும் காட்சிகள் ஆறு வயதுக்கும் பத்து வயதுக்கும் ஆகாதவை. அதில் எனக்கு ஐயமில்லை. கடைக்குட்டி அறைக்குள் இருக்கும்போது போடுவதில்லை என்று மூத்தவனிடம் வாக்கு வாங்கினேன். வெட்டப்படும் பேய் ஒவ்வொன்றும் முன்னொரு காலத்தில் துன்பப்பட்ட மனிதனாய் இருந்ததென்று கதை சொல்கிறதே, அதைப் பற்றி உன் கருத்தென்ன என்றும் கேட்டேன். அரை மணி நேரம் பேசினான். என் வகுப்பில் எந்த மாணவனும் என்னோடு அவ்வளவு நேரம் ஓர் இலக்கியத்தைப் பற்றிப் பேசியதில்லை.

இனி, முன்னர் சொல்வதாகக் கூறிய விஷயத்துக்கு வருகிறேன். தேர்ந்தெடுத்தல் என்பது தேர்வதற்கு வழியுள்ளவர்களின் காரியம். முறையாகப் படங்களை வழங்கும் கம்பனிகளுக்கு மாதச் சந்தா கட்ட வங்கி அட்டை வேண்டும். இணையத்துக்குப் பணம் வேண்டும். இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன மாதத்தில் அத்தானின் வீட்டில் அரிசிக்கே கணக்குப் பார்க்கிறார்கள். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது கடைக்காரப் பையன் பதிந்து கொடுப்பதும், நண்பனின் கைத்தொலைபேசியில் வருவதுமே. பெற்றோரின் வழிகாட்டலோடு பார்க்கவும் என்று முத்திரை சொல்கிறது. விடியுமுன் கடலுக்குப் போகும் தகப்பனும், கருவாடு காயவைக்கும் தாயும் எந்த நேரத்தில் வழிகாட்டுவார்கள்?

பொதுத் தொலைக்காட்சி இந்த இடைவெளியை நிரப்பியிருக்க முடியும். 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினி நிலையமே யப்பானிய மக்களின் உதவியால் எழுந்ததுதான். அங்கே டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் பிறநாட்டுக் காட்டூன்களைச் சிங்களக் கிராமத்துப் பேச்சோடும் பாட்டோடும் இணைத்து, ஒரு தலைமுறைச் சிங்களக் குழந்தைகளுக்குச் சொந்தமாக்கினார். அவ்வளவு ஊன்றிய பணியொன்று தமிழ்க் குழந்தைகளுக்காக நடைபெறவில்லை. ஆகவே எங்கள் கடைக்குட்டி தென்னிந்தியத் தொலைக்காட்சித் தமிழில் டோரேமானைப் பார்த்து, "எனக்கு வேணவே வேணாம் போ" என்று பேசுகிறான். அவன் பேச்சைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அவனுடைய சொந்தப் பேச்சில் ஒரு பூனையாவது பேசியிருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கும் அவர்கள் வந்தார்கள். ஆலயத்தைச் சுற்றிய மரங்களின் கீழ் நாடெங்கிலுமிருந்து வந்த சனங்கள், தமிழரும் சிங்களவரும், கூடாரமடித்துச் சமைத்துக் கொண்டிருந்தார்கள். நடுவிலாளுக்கு இப்போது பதினொரு வயது. ஓராண்டாக அவள் ஒரு கேள்வியை விடவில்லை. "மாமா, அந்தத் தங்கச்சிப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?" தொலைபேசியில் கேட்டாள்; நத்தாருக்குக் கேட்டாள்; ஈஸ்டருக்குக் கேட்டாள். நான் மழுப்பிக்கொண்டே வந்தேன். இம்முறை திருப்பலி முடிந்து காட்டோரமாக நடந்து வந்தபோது, எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னா: "அது செத்துப் போச்சு மகள். எங்கட பிள்ளையைப்போல."

பிறகு அம்மா நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னா. கொட்டில் இருந்த இடத்தைக் கையால் காட்டினா. அங்கே இப்போது பற்றைதான். தங்கையின் பெயரைச் சொன்னா. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பெயரை அம்மாவின் வாயால் கேட்டேன். அழவில்லை, என்னென்ன விளையாடுவாள், எதைத் தின்ன மறுப்பாள் என்பதையெல்லாம் சொன்னா. அக்காதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். நடுவிலாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எங்களுக்கு ஒரு சின்னம்மா இருந்திருக்கிறா" என்றாள். பிறகு, "மலேரியா எங்களுக்கும் வருமா?" என்று கேட்டாள். இதற்கு மட்டும் என்னிடம் நல்ல விடை இருந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்ததையும், இரத்தப் பரிசோதனைக்காரரும் மருந்தடிப்பவரும் காடு மேடெல்லாம் நடந்து செய்த வேலையின் பலன் அது என்பதையும் சொன்னேன். உரிய வேளையில் அந்த வேலை எங்கள் கொட்டிலுக்கும் வந்திருந்தால் அவளுக்கு இன்று முப்பது வயது. அதை நான் சொல்லவில்லை. மூத்தவன் அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னான்.

அன்றிரவு நடுவிலாள் கேட்டாள்: "மாமா, அந்தப் படத்தை விட்ட இடத்திலயிருந்து பார்ப்பமா?"

நத்தார் விடுமுறைக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்குட்டி உறங்கிய பின், பகல் போலிருக்கும் வெளிச்சத்தில், நடுநடுவே நிறுத்தி. அம்மாவும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறா. அவ எப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவது என்பது நிபந்தனை.

ஆசிரிய நண்பர்களே, நம் பாடசாலைகளில் பல்லூடக எறிவை ஒன்றாவது இருக்கிறது; வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஒன்றும் இருக்கிறது. வீட்டில் வழிகாட்ட நேரமில்லாத தாய் தகப்பனின் பிள்ளைகளுக்கு நாம் அந்த ஒரு மணி நேரத்தையாவது கொடுக்கலாம். முதலில் நாம் பார்ப்போம். பிறகு அவர்களோடு பார்ப்போம். பிறகு அவர்களைப் பேசவிடுவோம். என் பாடசாலையில் அடுத்த தவணை தொடங்குகிறேன். முதற் படம் டொடோரோ. இரண்டாவது எது என்பதைப் பிள்ளைகளிடம் கேட்க இருக்கிறேன்.